இரண்டு கறுப்பு பேட்கள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கோவையில் கார் பாலிஷ் கடையில் வேலை செய்யும் என் மாமா சொல்லிக் கேட்டது.

எந்தக் காருக்கு எந்த ஃபோம் பேடை மெஷினில் மாட்டுவது என்பதை அங்கே பூங்கோதைதான் முடிவு செய்வாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். பயிற்சி கொடுக்க வந்த நிபுணர் திவாகருக்கு அது பொறுக்கவில்லை.

"கத்திரிக்காயா வாங்குறே? நிறத்தைப் பாரு! ஆரஞ்சு கீறலை எடுக்கும், கறுப்பு பளபளப்பு தரும். இதுகூடத் தெரியாதவளை எதுக்குங்க வேலைக்கு வச்சிருக்கீங்க?"

முதலாளி அவளிடம், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றே சொல்லிவிட்டார்.

பூங்கோதை இரண்டு கறுப்பு பேட்களை நிபுணரிடம் நீட்டினாள். இரண்டும் வேறு வேறு கம்பெனி.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களா சார்?"

"கறுப்புன்னா கறுப்புதான்."

"அப்ப வெளியில நிக்கிற உங்க புதுக் கார்லயே போட்டுக் காட்டிடறேனுங்க. எதைப் போடட்டும்?"

தன் கார் என்றதும் நிபுணரின் கட்டைவிரல் தானாக எழுந்தது. ஒன்றை அமுக்கினார், பஞ்சாக அமுங்கியது. மற்றதை அமுக்கினார், அசையவில்லை. அதைப் போட்டால் பெயின்ட் மங்கிவிடும் என்பது அவருக்கே தெரிந்தது.

"ஏனுங் சார், விரலுக்கு நிறம் தெரியுதுங்களா?" என்றாள் பூங்கோதை.

கடையே சிரித்தது. "நாளைக்கு வழக்கம்போல வந்துரும்மா" என்றார் முதலாளி.

பிறகு அந்த நிபுணர் எழுதி விற்கும் பாலிஷ் கையேட்டை நானே வாங்கிப் பார்த்தேன். புதிய பதிப்பில், "நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விரலால் அமுக்கிப் பாருங்கள்" என்று இருக்கிறது. கீழே, "என் இருபது ஆண்டு அனுபவத்தில் நானே கண்டறிந்தது" என்றும் போட்டிருக்கிறார்.