நின்னும் நிக்காத வண்டி

டவுனுக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு ரயில்வே கேட்டு இருந்துச்சாம். கேட்டு மட்டுந்தான். ஸ்டேஷன் கிடையாது. ஊர் பேரு ஆவரங்குளம். ம் சொல்லு.

"ம்."

அந்தக் கிளை லைன்ல ரெண்டே பெட்டி வச்ச வண்டி ஒண்ணு. குப்பு குப்புன்னு வரும். கேட்டுக்கு ஆள் இல்ல. அதனால வண்டி கேட்டுக்கு முன்னாடி நிக்கும். கார்டு டேனியல் இறங்குவாரு. கிரீச்சுனு கேட்டை மூடுவாரு. வண்டி அந்தப் பக்கம் போய் நிக்கும். அப்புறம் கேட்டைத் திறந்துட்டு ஏறிக்குவாரு.

"அப்போ ரெண்டு தடவை நிக்குதா தாத்தா?"

நிக்குது. ஆனா யாரும் ஏறக் கூடாது.

அங்க வெள்ளத்தாயின்னு ஒரு கீரைக்காரி. டவுன் சந்தைக்கு நடந்து போறதுக்குள்ள வெயில்ல கீரை வாடிடும். வாடுன கீரைய யாரு வாங்குவா? கீரை விக்கலேன்னா அன்னிக்கு வீட்ல உலை வைக்க முடியாது.

அவ கார்டுகிட்ட போய், "அண்ணே, நிக்குதே, ஏறிக்கறேன்"னா.

"நிக்குதும்மா. உனக்காக நிக்கல"ன்னாரு.

சரி, மனுசனுக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவோம், மனசு இளகும்னு, மறுநாள் வண்டி வர்றதுக்கு முன்னாடி அவளே கேட்டை மூடி வச்சா. டிரைவர் பாத்தாரு. கேட்டு மூடியிருக்கு. எதுக்கு நிக்கணும்? தடக் தடக் தடக். போயே போயிட்டாரு. வெள்ளத்தாயி கேட்டைத் திறந்து விட்டுட்டு நடந்தா.

அப்புறம் டவுன்ல ரயில்வே ஆபீசரைப் பாத்து, "எங்க ஊருக்கு ஸ்டேஷன் வேணுங்க"ன்னா.

"அங்க வண்டியே நிக்கறதில்லயேம்மா"ன்னாரு.

"நீங்களே வந்து பாருங்க."

மறுநாள் அந்த வண்டியிலேயே வந்தாரு. கேட்டுகிட்ட வண்டி நின்னுச்சு. இறங்கி வந்து விளக்கமா சொன்னாரு. "இது கேட்டுக்காக நிக்கறது. இதுக்குப் பேரு நிக்கறது இல்ல."

"வண்டி போகுதுங்க"ன்னா வெள்ளத்தாயி.

கூ... போயிடுச்சு. தூங்கிட்டியா?

"...ம்."

சாயங்காலம் வரைக்கும் ஆபீசர் வேலமர நிழல்ல உக்காந்திருந்தாரு. வெள்ளத்தாயியும் பக்கத்துல உக்காந்து முறத்துல கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. டவுன் பக்கம் போக வண்டி திரும்பி வந்துச்சு. நின்னுச்சு. ஆபீசர் படியில கால வச்சாரு.

"இங்க ஏறக் கூடாதுங்க"ன்னாரு டேனியல்.

"யோவ், நான் ஆபீசர்."

"அதனாலதாங்க சொல்றேன். உத்தரவு நீங்க போட்டது."

ஆபீசர் படியிலேர்ந்து கால எடுத்தாரு. "அப்ப இது ஸ்டேஷன்யா. இப்போலேர்ந்து."

"பேர்ப்பலகை இல்லீங்களே."

ஆபீசர் வெள்ளத்தாயி கையில இருந்த முறத்தைப் பாத்தாரு. அவ முறத்தைப் பின்னாடி மறைச்சுக்கிட்டா.

"தரேங்க. ஆனா நாளைக்கும் அது இங்க தொங்கணும். நாளன்னிக்கும்."

"தொங்கும்மா."

வெத்தலைச் சுண்ணாம்பைக் குழைச்சு ஆபீசரே முறத்துல 'ஆவரங்குளம்'னு எழுதி கேட்டுக்கம்பத்துல மாட்டுனாரு. டேனியல் எழுத்துக் கூட்டிப் படிச்சாரு.

"இப்ப ஏறுங்க"ன்னாரு.

மறுநாள் காலையில வெள்ளத்தாயி கூடையோட ஏறுனா. சந்தையில போய் இறக்குனப்ப கீரை மேல பனித்தண்ணி கூடக் காயல. எல்லாம் வித்துப் போச்சு.

அன்னியிலேர்ந்து அந்த வண்டி ஆவரங்குளத்துல மூணு தடவை நிக்குது. கேட்டை மூட ஒண்ணு, கேட்டைத் திறக்க ஒண்ணு, ஆள் ஏற ஒண்ணு. அதான் எப்பவும் லேட்டு.

வண்டி போயாச்சு, கதையும் போயாச்சு. கண்ண மூடிக்கோ.