காஸ் லாரியும் ஐந்து மாதமும்

வழக்கு ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நைசாக நழுவக் கூடாது. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சங்ககிரியில் நாற்பது டீசல் லாரி வைத்திருந்த ஒரு கம்பெனி, அவற்றை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு காஸில் ஓடும் லாரிகளை வாங்க முடிவு செய்தது. புகை குறையும் என்று முதலாளி சந்தோஷப்பட்டார். டிரைவர்கள் சந்தோஷப்பட்டது வேறு காரணத்துக்கு. டீசல் லாரி நாக்பூர், இந்தூர் என்று கால் போன போக்கில் போகும். வீடு திரும்ப நாற்பது நாள் ஆகும். காஸ் பங்க்கோ இரண்டே இடத்தில்தான் இருந்தது. அதனால் காஸ் லாரி கயிற்றில் கட்டிய மாடு. கயிறு எட்டும் தூரம்தான் மேய்ச்சல். காலையில் கிளம்பினால் மறுநாள் மாலை ஊர் வந்தாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக நார்த் லைன், அதாவது அந்த வடக்கத்தி நடை, ஓட்டிய அர்த்தநாரி ஏங்கியது அந்தக் கயிற்றுக்குத்தான்.

அவருடைய ஒரே மகள் தேன்மலருக்குத் தை மாதம் கல்யாணம். இரண்டு வயதில், வாசலில் வந்து நின்ற தகப்பனைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்றவள் அவள். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டேதான் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு: யாருடைய பழைய வண்டி விலை போகிறதோ, புது வண்டி அவருக்கு. அவர் தன் கையால் இன்னொருவருக்குச் சாவியைக் கொடுத்தால் முதலாளி தலையிட மாட்டார். ஆனால் ஒரே வண்டியை இருவர் மாற்றி மாற்றி ஓட்டுவது மட்டும் அங்கே ஆகாது.

ஆவணியில் அர்த்தநாரியின் டீசல் லாரி விலை போயிற்று. காஸ் லாரியின் சாவி அவர் கைக்கு வந்தது. அடுத்த காஸ் லாரி தைக்கு அப்புறம்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பன் வீட்லதான் அம்மணி. நீ புருஷன் வீடு போற வரைக்கும்" என்றார் மகளிடம்.

அவள் கடைக்குப் போய் அவருக்கென்று ஒரு பெரிய தட்டு வாங்கி வந்தாள். அதுவரை அந்த வீட்டில் அவருக்கென்று தட்டு இருந்ததில்லை.

ஐந்து நடை ஓட்டினார். மகள் பேசப் பேசக் கேட்டார். அவள் பேச்சில் வந்த பாதி ஆட்களை அவருக்குத் தெரியவில்லை. அது யார், இது யார் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஐந்தாம் நடை முடிந்து வந்த மாலை, ஷெட்டில் காதர் மொய்தீன் நின்றிருந்தான். நார்த் லைன் ஓட்டும் இளைஞன். மனைவி இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுடைய இரண்டு வயது மகனை வளர்ப்பது அவன் அக்கா; அவள் இடுப்பில் ஷெட்டுக்கு வந்திருந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப் பார்த்தான். அது திமிறி, "இந்த மாமா வேண்டாம்" என்று அக்காவிடம் தாவியது. காதர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவனுக்கு இந்தூர் லோடு.

அர்த்தநாரி சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இதை நீ ஓட்டு தம்பி. இந்தூருக்கு நான் போறேன்."

"அண்ணா, பாப்பா கல்யாணம்..."

"அவ பெரியவ. புரிஞ்சுக்குவா."

புரிந்துகொள்ளத்தான் செய்தாள் தேன்மலர். "பாவம்ப்பா அந்தக் குழந்தை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுங்கன்னு சொல்லியிருப்பேன். எனக்குன்னு சொன்ன அஞ்சு மாசத்தை என்னைக் கேக்காமயே எடுத்துக் குடுத்துட்டீங்களே" என்றாள்.

சேதி காதருக்கு எட்டியது. விடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு வந்தான். குழந்தையைக் கூட்டி வரவில்லை. சாவியைத் தேன்மலரிடம் நீட்டினான்.

"அண்ணன் குடுத்தாருன்னு வாங்கிட்டேன் அம்மணி. இது உன்னோடதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது. வெச்சுக்கிட்டாலும் சரி, குடுத்தாலும் சரி. எனக்கு வருத்தமில்லை."

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் குறை சொல்ல இடமில்லாமல் நடந்துகொண்டது யார்?

அர்த்தநாரிக்கு இளகிய மனசு. ஆனால் அவர் செய்தது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. தேன்மலரின் கோபம் நியாயமானதுதான். ஆனால் காதர் வந்து நிற்கும்வரை எதையும் செய்ய அவளுக்கு வழியே இருக்கவில்லை. எனவே சரியாக நடந்தவன் காதர். எல்லோரையும்விட அந்த வண்டி தேவைப்பட்டவன் அவன். இருந்தும் கேட்க வேண்டியவளிடம் கேட்டான். அவள் மனம் இளகட்டும் என்று பிள்ளையைக் கொண்டுவந்து காட்டவும் இல்லை. சாவி என்ன ஆயிற்று என்கிறீர்களா? தேன்மலர் அதை அவனிடமே கொடுத்தாள், முழு மனசோடு. ஆனாலும் அப்பா ஓட்டிய இந்தூர் லாரி பைபாஸ் ஏறி மறைந்ததும் நடுத்தெருவில் நின்று அழுதாள். கல்யாணத்துக்கு இன்னும் நூற்று நாற்பது நாள் இருந்தது. அதில் அவர் வீட்டில் இருக்கப்போவது பத்து நாள் தேறினால் அதிகம்.