விரிசலைப் பூசிய இருவாச்சி

மலைச்சரிவில், ஆற்றைப் பார்த்தபடி ஓர் ஆயினி மரம் நின்றது. அதன் நடுமரத்தில் நல்ல ஆழமான ஒரு பொந்து. மூக்கையன் என்ற இருவாச்சிப் பறவையின் குடும்பம் அந்தப் பொந்தில்தான் இருந்தது.

ஒரு நாள் காலை மூக்கையன் மூச்சிரைக்கப் பறந்து வந்து பொந்து வாசலில் தொற்றிக்கொண்டான். தொண்டைக்குள் பத்திரமாகக் கொண்டுவந்த அத்திப்பழத்தை மெல்ல உருட்டி அலகு நுனிக்குக் கொண்டுவந்தான். வாசல் சுவரில் இருந்த இடுக்கில் அலகை நுழைத்தான்.

"இன்னிக்கும் அத்தியா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சலித்துக்கொண்டது. அது மகள் பூவாயி.

"ஜாதிக்காய் கொண்டு வர்றேன்னு நேத்து சொன்னீங்களேப்பா!" என்றான் மகன் பவளன்.

"நாளைக்குக் கட்டாயம் கொண்டு வர்றேன்யா. இன்னிக்கு இதைச் சாப்பிடுங்க!"

பழம் உள்ளே போனது. சற்று நேரத்தில் பாதி கடித்த பழம் அதே இடுக்கு வழியாக வெளியே வந்து கீழே விழுந்தது. மூக்கையன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் பறந்து போனான்.

இருவாச்சிக் குடித்தனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் அடைத்துச் சுவர் எழுப்பிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். பாம்பும் வர முடியாது, உடும்பும் வர முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் தாய் வெளியே வந்துவிடும்; வாசல் மறுபடி அடைபடும். பிள்ளைகளுக்குச் சிறகு முற்றியதும் அவர்களே சுவரைக் கொத்தி உடைத்துக்கொண்டு பறந்துவிட வேண்டும். காட்டு வழக்கம் அது.

மூக்கையனின் பிள்ளைகளுக்குச் சிறகு முற்றிவிட்டது. பொந்துக்குள் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டியிருந்தது. அவர்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றுக்கு மேலே கூட்டமாகப் பறந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டுச் சுவர் மட்டும் அப்படியே இருந்தது.

"சரியான காத்து வரட்டும்ப்பா. ஏதோ ஒரு காத்துல அவசரப்பட்டு இறங்கிட்டா, காலம் பூரா அதே காத்துதான்!" என்பான் பவளன். பூவாயிக்கு அலகில் மஞ்சள் நிறம் இன்னும் சரியாக ஏறவில்லையாம். காரணங்களுக்கு என்ன பஞ்சம்!

பஞ்சம் பழத்துக்குத்தான். அந்த வருஷம் பக்கத்து அத்திமரங்கள் சரியாகக் காய்க்கவில்லை. மனைவி பேச்சிக்குப் பொந்துக்குள் இருந்தபோது உதிர்ந்த சிறகுகள் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. அவளால் நாலு மரம் தள்ளிப் போய் வருவதே பெரிய காரியம். ஆக, பெரிய பிள்ளைகள் இருவருக்கும் மூக்கையன் ஒருவன்தான் பாடுபட்டான்.

ஒரு நாள் காற்று பலமாக அடித்தது. பறக்க முடியவில்லை. பிள்ளைகள் பசியில் கத்தினார்கள். அன்றைக்குத்தான் மூக்கையன் முதன்முதலாகச் செவலையாரின் கிளையில் போய் உட்கார்ந்தான்.

செவலையார் ஒரு மலையணில். செம்பட்டை உடம்பு, நீண்ட வால், பழமும் கொட்டையும் நிறைந்த கிடங்கு. கடன் கொடுப்பவர் என்பதால் காடே அவரை மரியாதையாகத்தான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருக்கு ஒரே குறை. அக்கரையில் விளையும் காட்டு ஜாதிக்காய் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஆற்றின் மேல் கிளையோடு கிளை தொடாததால் அவரால் அக்கரைக்குத் தாவ முடியாது.

"அத்தி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க மூக்கையா. திரும்ப ஜாதிக்காயாக் குடுத்துடுங்க. மேல ஒரு பங்கு சேர்த்துக் குடுங்க. அவசரமே இல்லை!" என்றார் செவலையார்.

மூக்கையன் வாங்கினான். வாங்கியதை அடைக்க அக்கரைக்குப் பறந்தான். போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கொண்டுவந்த ஜாதிக்காய் கடனுக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஊட்ட மறுபடி செவலையாரிடமே வாங்கினான். காலையில் கடனை அடைக்கப் பறப்பது, மாலையில் கடன் வாங்க உட்காருவது என்று நாட்கள் ஓடின. கடன் குறைகிற வழியாக இல்லை.

ஒரு நாள் செவலையார் வாலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை. சும்மா ஒரு பேச்சுக்கு, அந்தப் பொந்தை ஈடா வச்சுக்குவோமா? முதல் மழைக்குள்ள கடன் தீந்துட்டா உங்களுக்கு. தீரலைன்னா எனக்கு. மழைக்காலத்துக்குக் கொட்டை சேத்து வைக்க நல்ல இடம் பாருங்க!"

மூக்கையன் தலையாட்டிவிட்டான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. கிடைத்த பொந்தில்தான் வருஷா வருஷம் குடியிருக்க வேண்டும். இது போய்விட்டால் அடுத்த வருஷம் பேச்சி முட்டையிட இடமே இல்லை.

இவ்வளவு கஷ்டத்திலும் அவன் ஒரு வேலையை மட்டும் விடவில்லை. வாசல் சுவரில் சின்ன விரிசல் தெரிந்தாலும் ஆற்றங்கரையிலிருந்து ஈரமண் கொண்டுவந்து அழகாகப் பூசிவிடுவான்.

ஒரு நாள் மத்தியானம் பேச்சி மரத்துக்குத் திரும்பியபோது, செவலையார் தம் வாலை நீட்டிப் பொந்து வாசலை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?" என்று பேச்சி அதட்டினாள்.

"ஒண்ணுமில்லைம்மா, அகலம் பாத்தேன். எப்படியும் நமக்கு வர்ற இடம்தானே!" என்று சொல்லிவிட்டு அவர் நிதானமாகக் கிளை தாவிப் போனார்.

மூக்கையன் வந்ததும் பேச்சி அவனைப் பக்கத்து மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, பொந்தை ஈடு வச்சிருக்கீங்களா?"

மூக்கையன் தலையைக் குனிந்தான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்கே சிறகு இப்பத்தான் முளைக்குது. உன்னையும் எதுக்குக் கலங்கடிக்கணும்?"

"சரி, பிள்ளைங்ககிட்ட? அவங்க என்ன, கண் திறக்காத குஞ்சுகளா?"

"வேண்டாம் பேச்சி! தெரிஞ்சா அவங்க முகம் வாடிடும்."

பேச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்து இறகு கொட்டி, நெஞ்செலும்பு தெரிய உட்கார்ந்திருந்தான்.

"அவங்க உங்க முகத்தை எப்பப் பாத்தாங்க? அந்த இடுக்குல உங்க அலகு மட்டும்தான் உள்ள போகுது. அலகு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. அதைப் பாத்து, நம்ம அப்பாவுக்கு என்ன குறைன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க!" என்றாள்.



அப்போது மேற்கே இடி உருண்டது. மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு இனி அதிக நாளில்லை. மூக்கையன் வழக்கம்போல் செவலையாரின் கிளைப் பக்கம் பறந்தான். பாதி வழியில் அவன் சிறகு தயங்கியது. இன்னொரு பழம் வாங்கினால் இன்னொரு பங்கு ஏறும். அவன் திரும்பினான். வெறும் அலகோடு பொந்து வாசலில் வந்து தொற்றிக்கொண்டான்.

"பழம் எங்கப்பா?" என்றாள் பூவாயி.

மூக்கையன் அலகை நுழைக்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கில் வைத்தான்.

பிள்ளைகள் அந்தக் கண்ணைப் பார்த்தார்கள். சிவந்து, குழி விழுந்து, ஓரத்தில் ஈரம் கசிந்த கண். அதற்குக் கீழே இறகு கொட்டிய கழுத்து.

"அப்பா! உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்றான் பவளன்.

"கடன் ஆயிருச்சுய்யா," என்றான் மூக்கையன். "செவலையார்கிட்ட நிறைய வாங்கிட்டேன். பொந்தை ஈடு வச்சுட்டேன். மழை வந்தா பொந்து நமக்கில்லை. இதுக்கு மேல வாங்க மாட்டேன். இன்னிக்குப் பழம் இல்லை."

சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளைகள் அழுவார்கள், அல்லது கோபப்படுவார்கள் என்று நினைத்தான்.

பூவாயிக்குக் கோபம்தான் வந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா? நான் பாதி கடிச்சுக் கடிச்சு வெளிய போட்டேனே! அதெல்லாம் கடன்ல வந்த பழமா?"

"நாங்க என்னவோ நீங்க எங்களை வெளிய விட மாட்டீங்கன்னுல்ல நினைச்சோம்!" என்றான் பவளன்.

மூக்கையன் திகைத்துக் கண்ணைத் திறந்தான். "நானா?"

"நான் ரெண்டு மூணு தடவை சுவரைக் கொத்திப் பாத்தேன்ப்பா. விரிசல் விட்டுச்சு. மறுநாளே நீங்க மண்ணு கொண்டாந்து பூசிட்டீங்க! சரி, அப்பாவுக்கு நம்மளை அனுப்ப மனசில்லைபோலன்னு விட்டுட்டேன். அப்புறம்... உள்ள இருக்கிறதும் சுகமாத்தானே இருந்துச்சு. நானும் காத்து சரியில்லைன்னு சொல்லிப் பழகிட்டேன்."

மூக்கையன் தன் அலகைப் பார்த்தான். அதன் ஓரத்தில் காலையில் பூசிய மண் இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டொக்! டொக்! டொக்!

மண் பொரிந்து உதிர்ந்தது. வெளியே இருந்து பேச்சியும் கொத்தினாள். கடைசியில் மூக்கையனும் கொத்தினான். சுவர் பொலபொலவென்று சரிந்தது. பவளன் வெளியே வந்தான். முதல் தடவை பறந்து, கிளையைத் தவறவிட்டு, புதரில் விழுந்தான். பூவாயி சிரித்தாள். சிரித்த வாயோடு அவளும் பறந்து அதே புதரில் விழுந்தாள்.

மறுநாள் நால்வரும் செவலையாரிடம் போனார்கள். பேச்சிதான் பேசினாள்.

"இனிமே ஒரு பழம்கூடக் கடனா வாங்க மாட்டோம். வாங்கினதை அடைச்சிடுவோம். ஆனா இன்னையிலிருந்து மேல் பங்கு ஏறக் கூடாது."

"அது எனக்கு நஷ்டமாச்சேம்மா! பொந்தே போதுமே எனக்கு!"

"பொந்தைத் தின்ன முடியுமா? இதுவரைக்கும் ஒரு அலகுதான் ஆத்தைத் தாண்டிப் போய் வந்துச்சு. இனிமே மூணு. கொஞ்ச நாள்ல நானும் வந்துடுவேன். மழைக்காலம் முழுக்க உங்களுக்குப் புது ஜாதிக்காய் வேணுமா, இல்லை நாங்க கோவிச்சுக்கிட்டு வேற காட்டுக்குப் போகணுமா?"

செவலையார் வாலைச் சுருட்டினார், விரித்தார். நாக்கில் ஊறிய நீரை விழுங்கினார். "சரி, மழைக்காலம் முடியற வரைக்கும் பொறுத்துக்கிறேன்," என்று முனகினார்.

அன்று முதல் மூவரும் அக்கரைக்குப் பறந்தார்கள். கிடைத்ததில் முதல் பங்கு கடனுக்கு, மிச்சம்தான் வயிற்றுக்கு. சில நாட்கள் அரை வயிறுதான். பவளன் ஒரு நாள் கனமான பழத்தை ஆற்றில் நழுவவிட்டான். யாரும் திட்டவில்லை, மறுபடி போய் எடுத்துவந்தான். பிள்ளைகள் தங்குவதற்கு அக்கரையில் கிளை பார்த்துக்கொண்டார்கள். பேச்சியும் முழுச் சிறகு முளைத்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். மழை பெய்தது, ஓய்ந்தது. வெயில் அடித்த ஒரு காலையில் கடைசி ஜாதிக்காய் செவலையாரின் கிளைக்குப் போனது. ஈடு தீர்ந்தது. பொந்து மூக்கையனுடையது.

அன்றைக்கு மூக்கையன் பழக்கதோஷத்தில் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு பொந்து வாசலில் வந்து தொற்றினான். உள்ளே யாரும் இல்லை. சுவரும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பழத்தோடு அப்படியே இருந்தான். மனசுக்குள் ஏதோ வெறுமையாக இருந்தது.

பின்னால் சிறகுச் சத்தம் கேட்டது. பூவாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அலகில் ஒரு ஜாதிக்காய் இருந்தது.

"அந்தப் பழத்தை முதல்ல முழுங்குங்கப்பா. இதையும் நீங்கதான் சாப்பிடணும்!" என்று சொல்லி, அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி ஊட்டினாள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் கடனை மறைத்து வைத்து ஊட்டினால் அவர்கள் சிறகும் முடங்கும், குடியிருக்கும் கூடும் பறிபோகும். உள்ளதை உள்ளபடி சொன்னால் அவர்களே தோள் கொடுத்து வீட்டை மீட்பார்கள்.