ஆள் நடக்காத சாலை

தாழையூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியதும், அதன் முன்னால் ஓடும் சாலைக்குப் புது அளவு குறிக்க வந்தார் பொறியாளர் சவுந்தரபாண்டியன். குடியிருப்பைக் கட்டியவர்கள் சாலையின் மறுபக்கம் போட்ட பந்தலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த இளநீரைக் குடித்தபடி ஊராரிடம் சொன்னார்: "விதிப்படி ரெண்டு பக்கமும் நடைபாதை வேணும்தான். ஆனா ஆள் வெச்சு எண்ணிப் பார்த்துட்டோம். இங்கே ஒருத்தரும் நடக்கறதில்லை. அதனால விதியைத் தளர்த்தி, முழுசையும் காருக்கே விட்டுடறோம்."

ஊர் முணுமுணுத்தது.

"நடக்கிற ஆளைக் காட்டுங்கய்யா, இப்பவே நடைபாதை போடறேன்!" என்று சிரித்தார்.

போஸ்டர் ஒட்டிப் பிழைக்கும் கன்னியப்பன், பசை வாளியோடு ஓரத்தில் நின்றவன், எதிர்ப்பக்கம் கை நீட்டினான். "அதோ இருக்காங்களே சார்."

குடியிருப்பின் புத்தம்புது மதில் நெடுகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள்.

"பால் வாங்கப் போன செல்லம்மா. ரேஷனுக்குப் போன தணிகாசலம். கடைசியில இருக்கறது என் தம்பி. எல்லாரும் இந்த ரோட்டுல நடந்தவங்கதான் சார். நான்தான் ஒட்டினேன்."

பொறியாளர் முகம் கறுத்தது. "புது மதிலை இப்படியா நாறடிப்பே? போய்க் கிழிடா!"

"கிழிக்கிறேன் சார். நீங்களும் கூட வாங்க, நடந்தே போவோம். ரெண்டு பேர் நடந்தாங்கன்னு கணக்குல ஏறட்டும்."

டிப்பர் லாரி ஒன்று பந்தல் துணி படபடக்கப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பொறியாளர் பந்தலை விட்டுக் காலை வெளியே வைக்கவில்லை.

கன்னியப்பன் வாளியைக் கீழே வைத்தான்.

"அப்ப சரி சார். இன்னிக்கும் யாரும் நடக்கலைன்னே எழுதிக்கோங்க."