சுடலைமணி காலி செய்த நாலில் ஒரு பங்கு

கோவில்பட்டியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் ரத்தினவேல் அண்ணாச்சி வீட்டில் வாடகைக்கு இருந்ததில்லை. அங்கே இருந்தவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை.

பாகு காய்ச்சுகிறவன் பேச்சிமுத்து. கண்ணாடி போட்டிருந்ததால் அவன்தான் தலைவன். கடலையில் கல் பொறுக்குகிறவன் குருசாமி. வாடகைப் பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான், குளிக்கப் போகும்போது மட்டும் தலையில் வைத்துக்கொள்வான். மிட்டாய்த் தட்டில் கோடு இழுத்து வில்லை போடுகிறவன் அய்யாத்துரை. நாலாவது ஆள், பொட்டலம் ஒட்டுகிற சுடலைமணி. நல்ல பையன். அவனைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை என்பதே அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை.

பதினொரு மாதத்துக்கு நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்தாவது மாதமே சுடலைமணிக்குக் கழுகுமலையில் பெண் அமைந்துவிட்டது. பெண் பெயர் சண்முகக்கனி. அங்கே சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறாள், அதனால் மாப்பிள்ளை கழுகுமலைக்கே வந்துவிடுவது என்று பேச்சு. வியாழக்கிழமை காலை ஏழரைக்கு முகூர்த்தம். புதன்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் மாப்பிள்ளை கிளம்பிவிட வேண்டும். மாமனார் கண்டிப்பான மனிதர். இதற்கு முன்னால் பார்த்த மாப்பிள்ளை நிச்சயத்துக்கு அரைமணி நேரம் தாமதமாக வந்தார் என்று வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியவர். சுடலைமணிக்கு அந்த நினைப்பிலேயே ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

விஷயத்தைச் சொல்ல நாலு பேரும் அண்ணாச்சியின் பாத்திரக் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி ஒரு அண்டாவுக்கு விலை சொல்லிக்கொண்டே பதில் சொன்னார்.

"போறவன் போகட்டும், சந்தோசம். அவன் பங்கைச் சுத்தமாக் காலி பண்ணிட்டுப் போகணும். நான் ஒரு ஆளைப் பாத்துச் சொல்லுத வரைக்கும் அந்தக் காலி இடத்துல ஒரு பய கால் வைக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் வினை.

புதன்கிழமை காலையில் பேச்சிமுத்து கூட்டத்தைக் கூட்டினான்.

"அவன் பங்கு எதுன்னு தெரியாம எப்படிடே காலி பண்ண?"

"வெட்டிருவோம்," என்றான் அய்யாத்துரை. மிட்டாய்த் தட்டை நாலாக வெட்டுகிற மாதிரியே வீட்டின் நடுவில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று சாக்பீஸால் கோடு இழுத்தான். ஒரு நூல் பிசகவில்லை. கோடு அடுப்பு மேடையில் ஏறி இறங்கிப் போனது. சீட்டுக் குலுக்கினார்கள். குருசாமிக்கு அடுப்பு இருக்கிற பங்கு. அய்யாத்துரைக்குக் குளியலறை. பேச்சிமுத்துவுக்குச் சன்னல் பக்கம். சுடலைமணிக்கு வாசல் பக்கம்.

அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். பின்பக்கம் கதவு கிடையாது, சன்னலுக்குக் கம்பி உண்டு. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மின்விசிறியில் ஒரு சிக்கல் வந்தது. அது கோடுகள் வெட்டிக்கொள்கிற நட்ட நடுவில் தொங்கியது.

"இதுலயும் அவன் பங்கைக் கழிக்கணுமே," என்றான் குருசாமி.

பேச்சிமுத்து அண்ணாந்து பார்த்தான். "இறக்கை மூணுதான் இருக்கு. நாம மூணு பேரு. சரியாப் போச்சு."

"அப்ப இத்தனை மாசமா இவன் யார் காத்தை வாங்கினான்?"

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிருங்கடே. தெரியாம வாங்கிட்டேன்."

மன்னித்தார்கள். பெரிய மனசு அவர்களுக்கு. பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, வாசலில் தொடங்கி உள்பக்கமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். பெட்டி, பாய், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வைத்தார்கள். கடைசியில் நாலு பேரும் கோட்டுக்கு உள்ளே நின்று, காலியான பங்கைக் கண் குளிரப் பார்த்தார்கள். ஒரு தூசி இல்லை.

"சரி, நான் வாரேன்டே," என்று சுடலைமணி பெட்டியைத் தூக்கிக் காலையும் தூக்கினான்.

"கோட்டைத் தாண்டாதே!" என்று அலறினான் குருசாமி. "ஒரு பய கால் வைக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு!"

சுடலைமணி தூக்கிய காலோடு நின்றான். "அப்ப நான் எப்படிப் போக?"

"முன்னாடியே போயிருக்கணும்."

"முன்னாடி போயிருந்தா காலி பண்ணாமப் போன மாதிரி ஆயிருக்குமே."

"ஆமா, அதுவும் தப்பு," என்று குருசாமி ஒப்புக்கொண்டான். மணி பத்தரை.

தாண்டிக் குதிப்பது என்று முதலில் முடிவாயிற்று. கோட்டுக்கும் கதவுக்கும் பத்தடி. சுடலைமணி அடுப்பு மேடையிலிருந்து ஓடி வந்து குதித்தான், நாலாவது அடியில் விழுந்தான். விழுந்ததால் அந்தப் பங்கு காலி இல்லை என்று ஆகிவிட்டது. அவனை அவசரமாக உள்ளே இழுத்து, கோட்டுக்குள் நின்றே விளக்குமாற்றை நீட்டி இடத்தை மறுபடியும் கூட்டிக் காலி செய்தார்கள். இரண்டாவது தடவை ஐந்தடி குதித்தான். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மறுபடியும் கூட்டினார்கள்.

"தூக்கிட்டுப் போய் விட்டா?" என்றான் அய்யாத்துரை.

"தூக்குத ஆளுக்குக் கால் கிடையாதா?" என்றான் குருசாமி.

பேச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "தரைதான் அவரோடது. விசிறி நம்மளோடது. விசிறியைப் புடிச்சுத் தொங்குனா, அது சுத்துத வேகத்துல கதவுகிட்டப் போய் விழுந்திருவான். கால் தரையில படாது, முதுகுதான் படும். முதுகைப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலை."

எல்லோருக்கும் இது சரியாகப் பட்டது. சுடலைமணியை மின்விசிறியில் தொங்கவிட்டார்கள். சுவிட்ச் காலியான பங்கில் இருந்ததால் ஒட்டடைக் கம்பால் எட்டி அமுக்கினார்கள். விசிறி முனகியது, ஒரு சுற்று சுற்றியது, மாப்பிள்ளையைக் கொண்டுபோய்க் குளியலறைத் தொட்டிக்குள் போட்டது.

அவன் சொட்டச் சொட்ட எழுந்து வந்தபோது அவனுடைய செல்போன் அடித்தது. அது சுவிட்சுப் பலகையின் மேல், காலியான பங்கில், சார்ஜில் இருந்தது.

"அய்யய்யோ!" என்று குருசாமி நெஞ்சில் கை வைத்தான். "அவன் சாமான் அங்கன கிடக்கு! அப்ப இன்னும் காலியே ஆகலை!"

கம்பால் வயரைச் சுற்றிப் போனை இழுத்தார்கள். மாமனார்.

"மாப்ளே, பதினோரு மணி பஸ்ஸு இங்க வந்தே போயிருச்சே, எங்கன இருக்கீக?"

"வீட்டுலதான் மாமா. காலி பண்ணிட்டேன்."

"அப்ப கிளம்பிட்டீகளா?"

"கிளம்ப முடியாது மாமா. காலி பண்ணிட்டேன்லா."

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. சுடலைமணி பெட்டி மேல் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணாச்சிகிட்டயே கேட்டிருவோம்," என்று குருசாமி அவருக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, காலியான பங்குல ஒரு ஆள் கால் வைக்கலாமான்னு கேக்கான். அவசரமாம்."

"எவன்டே அவன்? நான் பாக்காம ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீகளா? கால் வைக்கட்டும், ஒடிச்சிப்போடுதேன்! இந்தா வாரேன்!"

குருசாமி போனை வைத்தான். "கால் வச்சா ஒடிச்சிருவாராம்."

"முதுகு?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"கேக்க விட்டுப்போச்சு."

கடை வியாபாரத்தை முடித்துக்கொண்டு அண்ணாச்சி கம்போடு வந்து இறங்கியபோதே கழுகுமலையிலிருந்து ஒரு வேனும் வந்து நின்றது. மாமனார் இறங்கினார். பின்னாலேயே சண்முகக்கனியும் இறங்கினாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வெளியே வரக்கூடாது என்று வீட்டில் எவ்வளவோ சொன்னார்களாம். மாப்பிள்ளையே வெளியே வராதபோது வேறு யார்தான் வருவது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.

உள்ளே இருந்து அய்யாத்துரை ஒட்டடைக் கம்பை நீட்டித் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டான். கதவு திறந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவன் நனைந்திருந்தான்.

"எங்கடே அந்தப் புது ஆளு?" என்றார் அண்ணாச்சி.

"இன்னும் வரலை அண்ணாச்சி. வர முடியாம நிக்கான்," என்று குருசாமி சுடலைமணியைக் காட்டினான். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான்.

அண்ணாச்சி கம்பைக் கீழே போட்டுவிட்டார். "தாண்டி வாங்கடே" என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஏற்கெனவே சொன்ன ஒரு வார்த்தை பட்ட பாட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். சுடலைமணி பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

சண்முகக்கனி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்தக் காலியா இருக்குத பங்கு வாடகைக்குத்தானே? இவருக்குக் குடுங்க. ஒரு நாளைக்குப் போதும்."

"குடுத்துத் தொலைக்கேம்மா," என்றார் அண்ணாச்சி.

சுடலைமணி கோட்டைத் தாண்டப் போனான். குருசாமி பத்திரத்தை விரித்தான்.

"புது ஆள் வந்தா இருக்கிறவங்க சம்மதிக்கணும்னு போட்டிருக்கு. நாலு வார்த்தை விசாரிக்கணும்."

மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்து தொண்டையைச் செருமினான்.

"முன்னால எங்கன குடியிருந்தீக?"

"இதே தெருவுலதான்ங்க," என்றான் சுடலைமணி பணிவாக.

"ஏன் காலி பண்ணுனீக?"

"கூட இருந்தவங்க ஒரு மாதிரி. இன்னைக்குக் காலைல என்னைய விசிறியில தொங்க விட்டுட்டாங்கன்னா பாத்துக்கிடுங்க."

மூவரும் 'உச்' கொட்டினார்கள். "உலகத்துல எப்படியெல்லாம் ஆளு இருக்கான் பாரு," என்றான் அய்யாத்துரை. "நீங்க கவலைப்படாதீக. எங்ககூட முன்னால ஒருத்தன் இருந்தான். தங்கமான பய."

"அவரு ஏன் போனாரு?"

"நாளைக்குக் கல்யாணம் அவனுக்கு."

"குடுத்து வச்சவரு," என்றான் சுடலைமணி. "எனக்கும் நாளைக்குத்தான். நீங்க மூணு பேரும் கட்டாயம் வரணும்."

மூவரும் சங்கடத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தப்பா நினைக்காதீக. எங்க சுடலைமணி கல்யாணத்துக்குப் போகாட்டி அவன் மனசு கஷ்டப்படும்," என்றான் பேச்சிமுத்து.

"நியாயம்தான். அங்கேயே போங்க. எந்த மண்டபம்?"

விசாரித்ததில் இரண்டும் ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம் என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். சேர்ந்தே போகலாம் என்று வேனில் ஏறினார்கள்.

வேனில் ஒரு இடம் மிச்சம் இருந்தது. சுடலைமணி வந்தால் உட்காரட்டும் என்று குருசாமி அதில் துண்டைப் போட்டுவைத்தான். கழுகுமலை வரைக்கும் மாப்பிள்ளை நின்றுகொண்டேதான் போனான். அடுத்தவர் இடத்தில் உட்காருகிற பழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது.