ஒன்பது பேர் பேசும் அறை

வாஷிங்டனில் விட்கோம் என்று ஒரு செனட்டர். தன் சொல்லுக்குத் திறக்காத கதவே இல்லை என்பது அவர் நினைப்பு.

ஒருநாள் டிரைவர் மாசிலாமணியைக் கூப்பிட்டார். "உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகளும் கதவைச் சாத்திக்கிட்டு என் வழக்கைத்தான் பேசுறாங்க. வாசல்ல நிக்கிறவனைக் கவனிச்சு, தீர்ப்பு எந்தப் பக்கம்னு கேட்டுட்டு வா. வெறுங்கையோட வந்தா உனக்கு வேலை கிடையாது."

"அந்த அறைக்குள்ள வேலையாளை விடமாட்டாங்க ஐயா. யாராவது தட்டினா, கடைசியா சேர்ந்த நீதிபதிதான் எழுந்து வந்து திறப்பார்."

"யாருய்யா அவர்?"

"போன மாசம் செனட்ல நீங்க ஓட்டுப் போட்டு நீதிபதியா அனுப்பினீங்களே, அவர்தான். ஆயுசுக்கும் அவரை யாராலயும் அசைக்க முடியாதுன்னு நீங்களே பெருமையாச் சொன்னீங்க. நீங்க வச்ச ஆளு. நீங்களே போய்த் தட்டினாத்தான் மரியாதை. வண்டியை எடுக்கட்டுமா?"

செனட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேண்டாம். வண்டியைக் கழுவு, போ."