மீதி மூன்று கொட்டை

மலைப்பள்ளியில் பாடம் சொல்லும் சமணப் பெண் துறவியரைக் குரத்தியார் என்பார்கள். சிரிமதிக் குரத்தியாருக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய சீடர் பூதனாருக்கு ஐம்பத்திரண்டு. நரைத்த தலையோடு சிறுபிள்ளைகளின் நடுவே உட்கார்ந்து ஆறு வருடம் கணக்குப் படித்தவர். சொந்த ஊரில் ஒரு பள்ளி வைக்க வேண்டும். வேறு ஆசையே அவருக்கு இல்லை.

அன்று விடைபெறும் நாள். தேறியவருக்குக் குரத்தியார் தம் கையால் எழுத்தாணி கொடுப்பார். அதைப் பெற்றவர்தான் வெளியே போய்ப் பாடம் சொல்லலாம். பூதனாரை அழைத்துப்போக ஊர்த் தலைவர் கொற்றனார் மாட்டுவண்டியோடு வந்து காத்திருந்தார்.

"ஐயாயிரத்து நானூற்று எழுபத்தாறு. எதை அதனாலேயே பெருக்கினால் இது வரும்?" என்று கேட்டார் குரத்தியார்.

"எழுபத்து நான்கு."

கேள்வி முடிந்த மூச்சு அடங்குமுன் பதில் வந்துவிட்டது. கொற்றனார் வாயைப் பிளந்தார்.

"எப்படி என்று இவருக்கும் சொல்லும்."

"கடைசியில் நிற்பது ஆறு. அப்படியானால் விடை நான்கிலோ ஆறிலோ முடியும். முன்னால் நிற்பது ஐம்பத்து நான்கு. அதற்குள் அடங்குவது ஏழேழு நாற்பத்தொன்பது. ஆக, எழுபத்து நான்கு அல்லது எழுபத்தாறு. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஐம்பத்து நான்கு அதைவிடக் குறைவு. அதனால் சின்னதை எடுத்தேன்."

"இது நான் சொல்லிக்கொடுத்த வழி அல்ல," என்றார் குரத்தியார் கொற்றனாரிடம். குரலில் பெருமை வழிந்தது. "இவரே கண்டது. நான்தான் இவரிடம் கற்றுக்கொண்டேன்."

அவர் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். அதற்குள் கொற்றனாருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஐயா, நானும் ஒண்ணு கேக்கட்டுங்களா? நம்ம பள்ளிக்குத் தரை போடக் கல்லு வெட்டி வச்சிருக்கோம். எல்லாம் ஒரே அளவுச் சதுரக் கல்லு. ரெண்டாயிரத்து நூத்திப் பத்தொம்பது இருக்கு. கூடமும் சதுரமா வேணும். வரிசைக்கு எத்தனை வரும்? நாளைக்கே அஸ்திவாரம் தோண்டணும்."

கடைசியில் ஒன்பது. மூன்று அல்லது ஏழு. முன்னால் இருபத்தொன்று. அதற்குள் அடங்குவது நாநான்கு பதினாறு. நாலைந்து இருபது; இருபத்தொன்று அதைவிட அதிகம்.

"நாற்பத்தேழு!" என்றார் பூதனார்.

கொற்றனார் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். குரத்தியார் எழுத்தாணியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கற்களை எப்படி எண்ணினீர்கள்?"

"கல்லுக்கு ஒரு புளியங்கொட்டைன்னு மூட்டையில போட்டு எண்ணினோம், அம்மை. மூட்டை வண்டியிலதான் இருக்கு."

குரத்தியார் எழுந்தார். எறும்பு ஒன்றுகூடக் கண்ணில் படாத பாறையை, எந்த உயிரும் நசுங்கக்கூடாதென்று வழக்கம்போல மயில் பீலியால் பெருக்கினார்.

"பூதரே, அந்தக் கொட்டைகளை இங்கே வரிசைக்கு நாற்பத்தேழாக அடுக்கும்."

காலையில் குனிந்தவர் உச்சிவெயில் வரை நிமிரவில்லை. நாற்பத்தைந்தாவது வரிசை முடிந்தது. மூட்டைக்குள் கையை விட்டார். நான்கு கொட்டைகள்தான் இருந்தன. மூட்டையை உதறினார். தூசிதான் விழுந்தது.

"எண்ணியதில் பிசகு இருக்குமோ?"

"ஏழு பேர் நின்னு எண்ணினோம், ஐயா."

பூதனார் மணலில் நாற்பத்தேழை நாற்பத்தேழால் பெருக்கினார். தொண்ணூறு கல் குறைந்தது. அஸ்திவாரம் தோண்டியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

"அம்மை, ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் பொய்க்காத வழி இது. இன்று ஏன் பொய்த்தது?"

"ஆறு வருடமும் எண்ணைக் கொடுத்தது யார்?"

"தாங்கள்."

"எப்படிக் கொடுத்தேன்?"

"விடையைப் பெருக்கி வைத்துக்கொண்டு கொடுத்தீர்கள்."

"இவர்கள்?"

"கல்லை வெட்டிவிட்டு எண்ணினார்கள். அந்த எண் சரியான சதுரமாக அமையவேண்டும் என்று இல்லையே."

பூதனார் குனிந்து, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலிருந்தும் ஒரு கொட்டையை எடுத்தார். நாற்பத்தைந்து சேர்ந்தது. கையிலிருந்த நான்கோடு சேர்த்துக் கீழே புது வரிசை ஒன்று வைத்தார். அடுக்கியதைக் கலைக்காமலே சதுரம் முழுமையாகிவிட்டது. கொற்றனாருக்கு மறுபடி வாய் திறந்துகொண்டது.

"நாற்பத்தாறு," என்றார் பூதனார். இந்தமுறை மெதுவாகச் சொன்னார். "மீதி மூன்று."

உள்ளங்கையில் மூன்று கொட்டைகள் இருந்தன.

"வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அம்மை. நான் தேறவில்லை."

குரத்தியார் எழுத்தாணியை அவர் முன்னால் பாறைமேல் வைத்தார்.

"இதோடு அந்த மூன்றையும் கொண்டு போம். நான் வியந்ததுபோல் பிள்ளைகளும் உம்மைப் பார்த்து வியக்கும்போது, கையில் எடுத்து எண்ணிக்கொள்ளும்."